கண்ணப்பர் கையிலிருந்த கத்தி

கண்ணப்ப நாயனார் என்றதும் எல்லோரும் கண்ணைத்தான் பேசுகிறோம். ஒரு கண்ணை அம்பால் பெயர்த்துச் சிவலிங்கத்தின் கண்ணில் அப்பினார், அடுத்த கண்ணுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று செருப்புக் காலைத் தூக்கி வைத்தார். சொற்பொழிவாளர்கள் அந்த இடத்துக்கு வரும்போது சபையே உருகும். நானும் உருகியிருக்கிறேன். ஆனால் கண்ணப்பர் ஆவதற்கு முன், திண்ணனாராக அவர் காளத்தி மலையில் இருந்தது ஆறு நாள். கண்ணைக் கொடுத்தது கடைசி நாள். அதற்கு முந்தைய நாட்களில் அவர் என்ன செய்தார் என்று பெரியபுராணத்தைத் திறந்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேட்டையாடினார். அறுத்தார். நெருப்பு மூட்டிச் சுட்டார். பல்லால் அதுக்கி ருசி பார்த்து, நல்ல துண்டை மட்டும் பொறுக்கி இலைக்கல்லையில் வைத்தார். அந்த வேலைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இதை எழுதிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். இப்போதும் அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசவையில் அமைச்சராக இருந்தவர், வேளாண் குடியில் பிறந்தவர். அப்படிப்பட்டவருக்கு வேட்டைத் தொழிலின் நுணுக்கம் இவ்வளவு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தீராத வியப்பு. வேடர்கள் காட்டை வளைக்கும் இடத்தில் ஒரு செய்தி சொல்கிறார்: யானைக் கன்றை அவர்கள் துரத்தமாட்டார்கள், குட்டிகளைக் கொல்லமாட்டார்கள், சினையாக இருக்கும் பிணைமானை அலைக்கழிக்கமாட்டார்கள். இன்றைக்குப் பல நாட்டு வேட்டைச் சட்டங்களில் இதுபோன்ற விதிகள் இருக்கின்றன.

வலையை அறுத்துக்கொண்டு ஒரு பன்றி ஓடுகிறது. திண்ணன் பின்னாலேயே ஓடுகிறான். கூட வந்த வேடர்கள் நாணனும் காடனும் அவன் பின்னால். ஓடி இளைத்த பன்றி மரத்தடியில் நின்றதும் திண்ணன் கிட்டே போய் இடுப்புச் சுரிகையால் இரண்டு துண்டாக்குகிறான். அம்பு விடவில்லை. களைத்து நிற்கும் விலங்கைத் தூரத்திலிருந்து அம்பால் காயப்படுத்தினால் அது மறுபடி ஓடும், வலியோடு ஓடும். கிட்டே போய் ஒரே வெட்டில் முடிப்பது வேட்டைக்காரனின் கடமை. பயமும் ஓட்டமும் நீண்டால் இறைச்சியும் கெடும். தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் நாறும். இன்றைய இறைச்சி அறிவியல் சொல்வது இது.

பசி வந்துவிட்டது. கூட வந்த இருவரும் யோசனை சொல்கிறார்கள்: பன்றியைச் சுட்டுத் தின்போம், தண்ணீர் குடிப்போம், பிறகு போவோம். தண்ணீர் எங்கே என்று திண்ணன் கேட்க, பொன்முகலி ஆறு இருக்கிறது என்கிறான் நாணன். பன்றியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். காடனைத் தீ மூட்டச் சொல்கிறான் திண்ணன். நிழல், தண்ணீர், தீ. வேட்டை விலங்கைக் களத்திலேயே சுத்தம் செய்பவன் முதலில் தேடும் மூன்றும் அந்தக் காட்சியில் இருக்கின்றன.

ஏன் களத்திலேயே? காரணம் சூடு. ஆடு, மான், பன்றி எதுவானாலும் உயிரோடு இருக்கும்போது உடம்பு 38, 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. உயிர் போன பிறகும் பெரிய விலங்கின் உள்ளே அந்தச் சூடு பல மணி நேரம் தங்கும். தோலும் கொழுப்பும் அதை வெளியே விடுவதில்லை. தொடை எலும்பைச் சுற்றிய இடம் கடைசியாகத்தான் ஆறும். இரைப்பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு விலங்கு செத்தது தெரியாது. அவை நொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும். வாயு ஏறி வயிறு உப்பும், குடல் சுவரின் வழியாகக் கெட்ட நாற்றம் கறியில் இறங்கும். ஆகவே குடலை எடுப்பதும் சூட்டை வெளியேற்றுவதும் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டு, குடலை எடுத்துவிட்டு, குளிரில் நாள்கணக்காகத் தொங்கவிட்டு வைப்பார்கள். பனி அவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி. தொண்டை மண்டலத்தில் அந்த வசதி இல்லை. சித்திரை வைகாசியில் காஞ்சிபுரத்தில் காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் நம் நிலத்தின் வழி வேறு: உடனே தீயில் காட்டு, இல்லையென்றால் உப்பிட்டு வெயிலில் போடு. கறியைக் கெடுக்கிற வெயிலையே அதைக் காக்கவும் பயன்படுத்தினார்கள். பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல். பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்வதுதான் அதன் கட்டுமானம். அந்த வழியில் முதலில் வருகிற குடிகளில் எயினர்கள் என்ற வேடர்கள் உண்டு. அவர்கள் பெண்கள் நிலத்தைக் கிளறி எடுத்த புல்லரிசியைச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு வழிப்போக்கனுக்குப் படைக்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய் மான்தோலில் படுத்திருக்கிறாள். நீருண்ண வரும் பன்றிக்காக ஆண்கள் இரவில் குழிக்குள் காத்திருக்கிறார்கள். கறி கண்டமாகிறது, தோல் படுக்கையாகிறது. எதுவும் வீணில்லை. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊருக்குப் போகும் சாலை இவர்கள் குடிசை வழியாகத்தான் போயிருக்கிறது.

இன்று காட்டு விலங்கை வேட்டையாடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அது வந்திருக்காவிட்டால் நம் காடுகளில் பாதி விலங்கு மிஞ்சியிருக்காது. எனக்கு அதில் இரண்டாவது கருத்தே கிடையாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அனுமதி கொடுத்தபோதுகூட, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் என்றுதான் வரையறுத்தார்கள். ஆகவே இந்தக் கைத்தொழிலை நம் கண்ணால் பார்க்க இன்று இருக்கும் இடம் கிடா வெட்டு.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். முனீஸ்வரனுக்குக் கிடா நேர்ந்துகொண்ட குடும்பங்கள் வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் குலதெய்வக் கோயில்களுக்கு வேன் பிடித்துப் போகும். (கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950-லிருந்தே இருந்தது. 2003-இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். கிராமங்களில் கொதிப்பு கிளம்பி, 2004-இல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது.) பெரும்பாலான வீட்டுக்காரர்கள் வெட்டு முடிந்ததும் பொங்கல் பானைப் பக்கம் போய்விடுவார்கள். நான் மரத்தடியிலேயே நிற்பேன். சிறுவயதில் பெரியப்பா என்னை அங்கே நிறுத்திவைத்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பழக்கம் விடவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஆடு அறுக்க வருகிற அண்ணனின் கருவிகள் ஒரு கித்தான் பைக்குள் அடங்கும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கூர்க்கத்தி ஒன்று, அதைவிட அகலமான தோல் கத்தி ஒன்று, எலும்புக்கு ஒரு வெட்டுக்கத்தி, சாணைக்கல், கயிறு, இரும்புக் கொக்கி. வெட்டுவதற்குப் புளியங்கட்டை. புளியமரம் கெட்டி, சிலாம்பு பெயர்ந்து கறியில் ஒட்டாது. வேலை நடுவில் எத்தனை தடவை சாணைக்கல்லை எடுக்கிறார் என்று பார்த்தால்தான் தொழிலின் அடிப்படை புரியும். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கை போகும், தோல் கிழியும், குடல் கீறும். மேலைநாட்டு வேட்டைக் கடைகளில் வயிற்றைக் கீற மட்டும் கொக்கி வைத்த கத்தி விற்கிறார்கள். நுனி உள்ளே குத்தாமல் தோலை மட்டும் பிளக்கும். அண்ணனுக்கு அந்தக் கொக்கி அவருடைய இடது கை. இரண்டு விரலை வயிற்றுக்குள் விட்டுக் குடலைக் கீழே அமுக்கிக்கொண்டு, கத்தியின் முனையை அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து, கூர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி இழுத்துக்கொண்டு போவார்.

ஆனால் வயிற்றுக்கு வருவதற்கு முன்னால் எவ்வளவோ இருக்கிறது. இரத்தம் முழுதும் வடிய வேண்டும். வடியாத கறி சீக்கிரம் கெடும். பிறகு பின்னங்காலில் குதி நரம்புக்கும் எலும்புக்கும் இடையில் துளை போட்டுக் கொக்கியை மாட்டி, வேப்பங்கிளையில் தலைகீழாக ஏற்றுவார். பழைய வழக்கத்தில் காலில் சின்னக் கீறல் போட்டு வாயால் ஊதுவார்கள். தோலுக்கும் தசைக்கும் நடுவில் காற்றுப் போய்த் தோல் தானே கழன்று நிற்கும். வாயால் ஊதுவது சுகாதாரக் கேடு, நோய் கறிக்குப் போகும் என்பதால் இந்த அண்ணன் சைக்கிள் பம்பு வைத்திருக்கிறார். தொடையைச் சுற்றிக் கீறிவிட்ட பிறகு கத்தியைக் கிட்டத்தட்ட ஓரம் வைத்துவிடுவார். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கை முட்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் விட்டுத் தள்ளுவார். சட்டையைக் கழற்றுவது மாதிரி தோல் கீழே இறங்கும்.

ஒருமுறை பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன் உதவி செய்ய ஆசைப்பட்டுக் கத்தியை எடுத்தான். அண்ணன் தடுத்தார். "கத்தி அங்க போவக் கூடாதுப்பா. கைதான் போவணும். தோல்ல ஒரு கீறல் வுழுந்தா அது கடைசி வரிக்கும் போவாது."

அந்தக் கடைசி எது என்பதை ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைக்காரர்களைக் கேட்டால் தெரியும். உரிக்கும்போது உள்பக்கம் கத்தி பட்ட இடம் பதனிட்ட பிறகும் தழும்பாக நிற்கும், இழுத்தால் அங்கேதான் கிழியும். அடையாற்றில் 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்ததிலிருந்து உரிப்பவருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி வருகிறார்கள். தோலின் தரம் ஆலையில் தொடங்குவதில்லை, ஆட்டைத் தொங்கவிட்ட மரத்தடியில் தொடங்குகிறது.

உரிக்கும்போது இன்னொரு நுட்பம் உண்டு. ரோமத்தைத் தொட்ட கை கறியைத் தொடக் கூடாது. தோல் வெளிப்பக்கமாகச் சுருண்டு இறங்க வேண்டும். ரோமப் பக்கம் கறியில் ஒட்டவே கூடாது. கிடா வாடை என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதில் ஒரு பகுதி கறியின் வாடையே இல்லை, கை வழியாக ரோமத்திலிருந்து கறிக்கு ஏறியது. நம் ஊரில் கிடாய்க்கறியை மூன்று தண்ணீர் நான்கு தண்ணீர் அலசுகிறார்கள். நன்றாக உரித்த கறிக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

வயிற்றைத் திறப்பதற்கு முன் இரண்டு முனையையும் கட்டிவிட வேண்டும். தொண்டைப் பக்கம் இரைக்குழலைப் பிரித்தெடுத்து முடிச்சுப் போடுவது ஒன்று. மலக்குடலைச் சுற்றி அறுத்து வெளியே இழுத்துக் கட்டுவது மற்றொன்று. இரண்டும் செய்தால் குடல், இரைப்பை எல்லாம் சிந்தாமல் ஒரே கூட்டாகக் கீழே இறங்கும். அப்போதும் இரண்டு பைகளுக்குப் பயப்பட வேண்டும். மூத்திரப்பை ஒன்று. ஈரலோடு ஒட்டிப் பச்சையாகத் தொங்கும் பித்தப்பை இன்னொன்று. பித்தம் தெறித்த ஈரல் கசக்கும், எத்தனை மசாலா போட்டாலும் போகாது.

பிறகு அண்ணன் செய்வதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். ஈரலைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். வெள்ளைப் புள்ளி, நீர்க்கட்டி, தட்டைப் புழு தங்கிய தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். நுரையீரலை அமுக்கிப் பார்ப்பார். சுவரொட்டி வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். குறை தெரிந்தால் அந்தப் பாகத்தை ஓரமாக ஒதுக்கிக் குழியில் போட்டு மூடச் சொல்வார், நாய்க்கும் போடவிட மாட்டார். நீர்க்கட்டி நாயின் வயிற்றுக்குப் போனால் புழுவாகி, அங்கிருந்து மனிதருக்கும் ஆட்டுக்கும் திரும்ப வரும். பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாகப் படித்தவர் இல்லை அவர். ஆனால் இறைச்சிக்கூடத்து ஆய்வாளர் செய்ய வேண்டிய பரிசோதனையைத்தான் மரத்தடியில் செய்கிறார். திண்ணனார் பொன்முகலிக் கரையில் துண்டு துண்டாக ருசி பார்த்து, நல்லதைக் கல்லையில் வைத்து, மற்றதை ஒதுக்கியதும் இதே வேலைதான். சாமிக்குப் படைப்பது சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அங்கே எச்சிலாக வெளிப்பட்டது. அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் எச்சிலைப் பார்த்தார். காளத்தியப்பர் அக்கறையைப் பார்த்தார்.

பெரிய விலங்கைக் காட்டிலேயே திறக்கும் வேலை தமிழ்நாட்டில் இன்னும் ஓர் இடத்தில் நடக்கிறது. அதைச் செய்பவர்கள் வனத்துறைக் கால்நடை மருத்துவர்கள். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாகப் பலருக்குத் தெரிந்திருக்கும். காட்டில் இறக்கும் யானைக்கும் உடற்கூறு ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். நான்கைந்து டன் எடை, ஏறக்குறைய ஓர் அங்குலம் தடித்த தோல், வெயிலில் உப்பிய வயிறு. கத்தி, கோடரி, கயிறு, ஐந்தாறு ஆட்கள். ஏன் அவ்வளவு பாடு? உள்ளே தோட்டா இருக்கலாம், விஷம் இருக்கலாம். திறந்து பார்க்காவிட்டால் கொன்றவன் தப்பிப்பான்.

அந்த மருத்துவர்களும் கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்வார்கள். காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து அடைப்பான் நோயா என்று பார்ப்பார்கள். அடைப்பான் கிருமி மூடிய உடம்புக்குள் இருக்கும்வரை அழுகலில் மடியும். உடம்பைத் திறந்து காற்றுப் பட்டால் விதை போன்ற உருவெடுத்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அடுத்து அங்கே மேயும் மாடு சாகும், தொட்ட மனிதனுக்கும் வரும். நம் கிராமங்களில் திடீரென்று செத்த ஆட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி அறுத்துத் தின்கிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு இரத்தம் வழிந்து செத்த எந்த விலங்கிலும் கத்தி படவே கூடாது. ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். எந்த உடம்பைத் திறக்கக் கூடாது என்று தெரிவதும் இந்தத் தொழிலறிவில் அடக்கம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து இருளர்களைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலை முழுசாக உரித்து வியாபாரிகளிடம் கொடுப்பது அவர்களின் பிழைப்பு. 1972 சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதே கைகள் பாம்பை உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டன. நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் பெரும் ஆதாரம். 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்பு பெருகிக் காட்டு விலங்குகளை அழித்தபோது இங்கிருந்து போய்ப் பிடித்துக் கொடுத்தவர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விலங்கின் உடம்பை அறிந்த கைக்குக் கொல்லவும் தெரியும், காக்கவும் தெரியும். வாய்ப்பு எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நம் காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் ராஜசிம்மன் காலத்துச் சிற்பங்களில் யானையை உரித்த சிவனைப் பாருங்கள். பன்றிக்காக அருச்சுனனோடு மல்லுக்கு நிற்கும் வேடனாகவும் அங்கே சிவன் இருக்கிறார். உரித்த தோலைப் போர்த்தியவரை ஆயிரத்து முந்நூறு வருஷமாகக் கும்பிடுகிறோம். கோயிலில் ஒலிக்கும் மிருதங்கத்தில் மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் உண்டு. எந்தத் தோல் எந்த இடத்துக்கு என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமே எழுதினார். இவ்வளவும் இருந்தும் மரத்தடியில் உரிக்கிறவருக்குக் கடைசிப் பந்தியில் இலை போடுகிறோம். சில வீடுகளில் அதுவும் இல்லை, பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம். ஈரலைப் புரட்டிப் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகுதான் நாம் அத்தனை பேரும் தைரியமாகச் சாப்பிடுகிறோம்.

தோலின் கதி இன்னும் மோசம். இப்போதெல்லாம் எடுக்க ஆள் வருவதில்லை, வந்தாலும் விலை சொல்வதில்லை என்று எங்கள் பக்கத்துக் கறிக்கடைக்காரர்கள் சொல்கிறார்கள். முந்நூறு பேர் கூடும் கோயில் திடலில் அது ஓரமாகக் கிடந்து மதியத்துக்குள் வீச்சமெடுக்கிறது. கீறல் இல்லாமல் உரித்த கைக்கு அதைவிட அவமரியாதை வேறில்லை.

இந்த ஆடியில் உங்கள் வீட்டில் கிடா வெட்டு இருந்தால் ஆடு வாங்கும் அன்றைக்கே ஒன்றரைக் கிலோ கல்லுப்பும் வாங்கி வையுங்கள். உரித்த தோலைச் சூடு ஆறியதும் உள்பக்கம் மேலே தெரிய நிழலில் விரித்து, ஓரம், கால், கழுத்து விடாமல் தோலின் எடையில் பாதிக்குக் குறையாத உப்பை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். வெயிலில் போடாதீர்கள், விறைத்துவிடும். உப்புப் போட்ட தோல் நாள்கணக்கில் தாங்கும். சென்னைப் பெரியமேட்டுக்குப் போகும் வண்டிக்கோ, உங்கள் பக்கத்தில் மேளம் கட்டுபவருக்கோ கொடுத்தனுப்ப நேரம் கிடைக்கும். பந்தி தொடங்கும்போது அறுத்தவரைக் கைகால் கழுவச் சொல்லி அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.